பூஜ்யம் காட்டும் மானி

ஒருவர் தம் கணிப்பொறியில் பந்தயக் கார் விளையாட்டு ஆடுகிறார். அவர் திரையில் தெரியும் காட்சி, இணையத்தின் வழியே நண்பர்களின் திரைகளிலும் தெரிகிறது. இதனைத் திரைப் பகிர்வு என்கிறோம். ஆடுபவரின் திரையில் கார் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நண்பரின் திரையிலோ அதே கார் விக்கி விக்கி நகர்கிறது. லினக்ஸ் இயக்க முறைமையைப் பயன்படுத்தும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது.

இதற்கு அறிவுரைகள் உடனே கிடைத்துவிடுகின்றன. "இணைய வேகம் போதாது" என்பார் ஒருவர். "கிராபிக்ஸ் அட்டையை மாற்று" என்பார் இன்னொருவர். "லினக்ஸே இதற்கெல்லாம் ஏற்றதல்ல" என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். இம்மூவருள் யார் அளந்து பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் பதில் இராது. ஆனால் இவர்கள் பேச்சைக் கேட்டு ஆயிரக்கணக்கில் பணம் செலவழிப்பது மாணவரின் பெற்றோர்.

அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. திரையைப் பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் உலகெங்கும் பயன்படும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் 2012இல் தொடங்கப்பட்டது. அதனுள் புள்ளிவிவரச் சாளரம் ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்ப்பவர்களிலும் பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். வோல்ட் மானியையோ வெப்பமானியையோ மதிப்பிடுவதுபோல், அச்சாளரத்தை ஓர் அளவுக் கருவியாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது எதை அளக்கிறது? எதை அளக்காமல் விடுகிறது?

ஒரு பிரேமின் பயணம்

சினிமாவைப் போலவே விளையாட்டும் அசையாத படங்களின் வரிசைதான். அவ்வொவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி மட்டுமே. ஒரு பிரேம் ஆறு நிலையங்களைக் கடந்து செல்கிறது; எங்கும் தேங்காமலிருக்க, ஒவ்வொரு நிலையமும் இந்தக் கால அளவுக்கு ஒரு பிரேம் வீதம் அனுப்ப வேண்டும்.

முதல் நிலையத்தில் கிராபிக்ஸ் அட்டை படத்தை வரைகிறது. இரண்டாவதில், எல்லாச் சாளரங்களையும் ஒன்றுசேர்த்துத் திரையில் வைக்கும் கம்பாசிட்டர் என்ற புரோகிராம், அப்படத்தைப் பதிவு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. மூன்றாவதில் ஓ.பி.எஸ். அதைப் பெற்று, தன் சொந்தக் கடிகாரத்தின்படி ஒரு புதிய பிரேமாக அமைக்கிறது. நான்காவதில் அது சுருக்கப்படுகிறது. ஐந்தாவது, இணையம். ஆறாவது, பார்ப்பவரின் கணிப்பொறி.

சுருக்குவது ஏன்? கணக்கிட்டுப் பார்ப்போம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு பிரேமுக்கு 82,94,400 பைட் ஆகிறது. விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஏறத்தாழ 50 கோடி பைட். அதாவது 398 கோடி பிட். இதனை விநாடிக்கு 60 இலட்சம் பிட் செல்லும் இணைப்பில் அனுப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 660 மடங்கு சுருக்க வேண்டும். எளிய வேலையன்று.

இரண்டாம் நிலையத்தில்தான் லினக்ஸுக்கே உரிய வரலாறு ஒன்று நுழைகிறது. 1984இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் சாளர முறையில் எந்தப் புரோகிராமும் முழுத் திரையையும் படித்துக்கொள்ளலாம். பதிவு செய்வோருக்கு இது வசதிதான். ஆனால் ஒற்றறியும் புரோகிராமுக்கும் அதே வசதி. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் முறை இக்கதவை அடைத்தது. இதில் பயனர் அனுமதி அளித்தால் மட்டுமே படம் வெளியே வரும்; அதுவும் பைப்வயர் என்ற குழாய் வழியாக. ஓ.பி.எஸ். 2021இல் வெளியிட்ட 27ஆம் பதிப்பில் இவ்வழியைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே வேலண்ட் முறையில் ஓ.பி.எஸ். குழாயடியில் குடத்தை வைத்துக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் குடத்தில் விழும்.

சாளரத்தின் சிறப்பு

புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று எண்ணிகள் தனித்தனியே உள்ளன. அமைக்கத் தாமதமானதால் தவறிய பிரேம்கள், சுருக்கத் தாமதமானதால் விடப்பட்ட பிரேம்கள், இணைய நெரிசலால் கைவிடப்பட்ட பிரேம்கள் என்பன அவை. அதாவது மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலையங்களுக்கு ஒவ்வொரு காவலர்.

பார்ப்பவர் கண்ணுக்கு விக்கல் ஒன்றுதான். அதை மூன்று நோய்களாகப் பிரித்துக் காட்டுவது இச்சாளரத்தின் பெருமை. ஏனெனில் மருந்து வேறு வேறு. முதல் எண்ணி ஏறினால் விளையாட்டே கிராபிக்ஸ் அட்டையை முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளையாட்டின் பிரேம் வேகத்துக்கு வரம்பு கட்டினால் போதும், செலவில்லை. இரண்டாவது ஏறினால், சுருக்கும் வேலையை மையச் செயலகத்திடமிருந்து கிராபிக்ஸ் அட்டையிலுள்ள தனிச் சுற்றுக்கு மாற்றலாம். அல்லது படத்தின் அளவைக் குறைக்கலாம். மூன்றாவது ஏறினால் அனுப்பும் பிட் வேகத்தைக் குறைக்க வேண்டும். இணைய வேகத்தைக் குறை சொல்ல உரிமை இந்த மூன்றாம் எண்ணி ஏறும்போது மட்டுமே உண்டு.

உலவியின் வழியே அரட்டையில் திரையைப் பகிரும்போது இத்தகைய தகவல் எளிதில் கிடைப்பதில்லை. படத்தின் தரம் குறைந்ததற்குக் காரணம் மையச் செயலகமா, இணைய அகலமா என்று குரோம் உலவியும் குறித்து வைக்கத்தான் செய்கிறது. ஆனால் அக்குறிப்பு வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் என்ற உள் பக்கத்தில் ஒளிந்து கிடக்கிறது. தேடத் தெரிந்தவருக்கே கிட்டும். ஓ.பி.எஸ். அளவீட்டை முகப்பிலேயே திறந்து வைத்திருப்பது பாராட்டுக்குரியது.

குறைகள்

இனிக் குறைகளுக்கு வருவோம். மூன்று எண்ணிகளும் பூஜ்யம் காட்டும்போதும் படம் விக்கக்கூடும். இதுவே முதன்மையான குறை. இரண்டாம் நிலையத்திலிருந்து விநாடிக்கு 35 பிரேம்களே வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.எஸ்.ஸின் கடிகாரம் 60 முறை அடிக்கும். புதிய பிரேம் வராத ஒவ்வொரு முறையும் பழைய படத்தையே மீண்டும் எடுத்துக்கொள்ளும். 60 பிரேம்களும் நேரத்துக்கு அமைக்கப்பட்டன, சுருக்கப்பட்டன, அனுப்பப்பட்டன. அதன் கணக்கில் குறையே இல்லை! ஆனால் அவற்றுள் 25 வெறும் நகல்கள். வகுப்பில் ஆசிரியர் பெயர் அழைக்கிறார். வராத மாணவனுக்குப் பதில் பக்கத்து மாணவனே "உள்ளேன் ஐயா" என்கிறான். வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். பெஞ்சுகள் காலியாக இருக்கும்.

அச்சாளரம் காட்டும் பிரேம் வேகமும் இத்தகையதே. 60.00 என்று அது காட்டுவது ஓ.பி.எஸ்.ஸின் சொந்தக் கடிகார வேகம், விளையாட்டின் வேகமன்று. அதுபோலவே மையச் செயலகத்தின் பயன்பாடு என்று காட்டப்படும் சதவீதமும் ஓ.பி.எஸ். ஒன்று மட்டும் எடுத்துக்கொண்ட பங்கு. 5 சதவீதம் என்று கண்டு, கணிப்பொறி ஓய்வாக இருக்கிறது என நினைத்தால் ஏமாந்துபோவோம். மீதிப் பங்கு முழுவதையும் விளையாட்டு விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

சதவீதக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. தொடக்கம் முதல் இதுவரை எத்தனை பிரேம்கள் தவறின என்ற மொத்தக் கணக்கு அது. ஒரு மணி நேரத்தில் 2,16,000 பிரேம்கள் போகின்றன. இடையே 2 விநாடி படம் முற்றிலும் நின்றுபோனால் இழப்பு 120 பிரேம், சாளரம் 0.1 சதவீதம் என்று காட்டும். பந்தயத்தின் கடைசி வளைவில் 2 விநாடி நின்றுபோன படத்தை 0.1 சதவீதக் குறை என்று பார்ப்பவர் ஏற்பாரா? எண்ணிக்கையும் அருகிலேயே காட்டப்படுகிறது; மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பொத்தானும் இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது, விக்கும் அந்தக் கணத்தில் எண் தாவுகிறதா என்பதே.

எல்லாப் பிரேம்களும் வந்தபோதும் வரும் விக்கல் ஒன்று உண்டு. இரண்டு இசைக்கவைகள் 256, 260 ஹெர்ட்ஸில் ஒலித்தால் விநாடிக்கு 4 விம்மல்கள் கேட்கும் என்று படித்திருக்கிறோம். இதுவும் அதன் உறவுக்காரன்தான். 144 ஹெர்ட்ஸ் திரையில் விளையாட்டு 144 பிரேம் வேகத்தில் ஓடுகிறது. பதிவு 60 பிரேம். 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4. ஆனால் 0.4 பிரேம் என்று ஒன்று கிடையாது. எனவே பதிவு 2, 2, 3, 2, 3 என்று சீரற்ற எட்டுகளில் பிரேம்களைத் தாண்டிச் செல்லும். விநாடிக்கு 24 எட்டுகள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். ஒரே வேகத்தில் ஓடும் கார் நொண்டுவதுபோல் தோன்றும். திரையையும் விளையாட்டையும் 120க்கு மாற்றினால் எல்லா எட்டும் 2, நொண்டல் மறைந்துவிடும். இதையும் எந்த எண்ணியும் சொல்வதில்லை.

பிழையைத் தேடும் முறை

கருவியின் எல்லை தெரிந்துவிட்டால், அது சொல்லாததையும் நாம் கண்டறியலாம். மின்சுற்றில் பழுது தேடுபவர் நடுவில் கைவைத்து, பழுது இப்பக்கமா அப்பக்கமா என்று முதலில் தீர்மானிப்பார். இங்கும் அதையே செய்யலாம்.

ஒளிபரப்பும்போதே கணிப்பொறியின் வட்டிலும் பதிவு செய்யுங்கள். அப்பதிவு சீராக ஓடி, நண்பரின் திரை மட்டும் விக்கினால் முதல் நான்கு நிலையங்களும் பெரும்பாலும் குற்றமற்றவை. இணையத்தையும் பார்ப்பவரின் கணிப்பொறியையும் ஆராயுங்கள். பதிவே விக்கினால் இணையத்தை விட்டுவிடுங்கள். அதன் வேகத்தை உயர்த்தக் கட்டும் பணம் வீண்.

பதிவே விக்கும்போது மூன்று எண்ணிகளையும் பாருங்கள். மூன்றும் பூஜ்யமானால் பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று எண்ணுங்கள். வீடியோ ஓட்டும் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு வசதி உண்டு. நகல்கள் வந்தால் பழுது முதல் இரு நிலையங்களில் இருக்கிறது.

அவ்விரண்டில் எது? மேங்கோஹட் என்ற இலவச மென்பொருள் விளையாட்டின் ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 59 பிரேம்கள் 10 மில்லி விநாடி வீதமும் ஒன்று மட்டும் 410 மில்லி விநாடியும் எடுத்தால், மொத்தம் சரியாக 1 விநாடி. சராசரி வேகம் 60 பிரேம்! ஆனால் அதற்குள் கிட்டத்தட்ட அரை விநாடி படம் உறைந்துபோயிருக்கிறது. கோடு சமமாக இருந்தால் விளையாட்டு நிரபராதி. குழாயைத்தான் சோதிக்க வேண்டும். விளையாட்டுக்குள்ளிருந்தே பிரேமை எடுத்துத் தரும் ஓ.பி.எஸ்.-விகே கேப்சர் என்ற துணை மென்பொருள் மூலம் பதிவு செய்து பாருங்கள். கம்பாசிட்டரைச் சுற்றிப்போகும் இவ்வழியில் விக்கல் மறைந்தால் பழுதான இடம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதைச் சோதனைக்கூடம் கண்ட மாணவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"எக்ஸ் முறைக்குத் திரும்பிவிடு" என்ற பழைய அறிவுரையைப் பற்றியும் ஒரு சொல். அது சிலருக்கு உதவியது உண்மைதான். ஆனால் 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10இன் வழக்கமான மேசைத்தளத்தில் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு இருக்கும் இடங்களிலும், விக்கலைத் தீர்க்க வீட்டுக் கதவைத் திறந்து வைக்கிறோம் என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

முடிவு

ஓ.பி.எஸ்.ஸின் புள்ளிவிவரச் சாளரம் நல்ல கருவி. ஆனால் அது தன் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதும் கணக்கர். இரண்டாம் நிலையத்திலிருந்து விநாடிக்கு எத்தனை புதிய பிரேம்கள் வந்து சேர்ந்தன என்ற நான்காவது வரி ஒன்று அதற்குத் தேவை. திரையில் அசைவில்லாதபோது கம்பாசிட்டர் புதிய பிரேம்களை அனுப்பாமலிருப்பது இயல்பே. ஆகவே அவ்வெண் குறைவதெல்லாம் பழுதாகாது என்று மறுப்போர் கூறலாம். உண்மைதான். ஆனால் கார் பாய்ந்து ஓடும்போது அவ்வெண் 35இல் நின்றால் அது எல்லோருக்கும் புரியும்.

இம்மென்பொருளின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. புரோகிராம் எழுதப் பழகும் மாணவர் ஒருவர் அந்த நான்காவது வரியைச் சேர்க்க முயலலாம். அதுவரை பூஜ்யத்தைக் கண்டதும் நிம்மதி அடையாமல், இந்தப் பூஜ்யம் எதனுடையது என்று கேட்கப் பழகுவோம். இணைக்காத வோல்ட் மானியும் பூஜ்யத்தைத்தான் காட்டுகிறது.