பிர்ஸிக்கின் ஃபீலர் கேஜ்

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' 1974இல் வெளிவந்தது. நம் வட்டத்தில் இதைப் படித்தவர்கள் உண்டு. படித்ததாகச் சொல்பவர்கள் இன்னும் அதிகம். பேச்சு எப்போதும் ஸென்னில் தொடங்கும், 'தரம்' என்று அவர் பிடித்துக்கொண்டு அலையும் கருத்தைச் சுற்றும், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று போய் முடியும். ஸ்பேனர் வருகிற பக்கங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நண்பர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "அந்த மெக்கானிக் சமாச்சாரம் வந்தா நான் தாண்டிப் போயிடுவேன்." நூலின் சிந்தனை இருப்பதே அங்கேதான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம். இஞ்சினில் கேம் சுழன்று ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் தள்ளித் திறக்கிறது. கேம் விலகியதும் ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, இஞ்சினைப் பொறுத்துக் கூடக்குறைய. இஞ்சின் சூடானால் உலோகம் நீளும். நீளுவதற்கு இடம் விட்டு வைப்பதுதான் டாப்பெட் செட் பண்ணுவது. அதனால்தான் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருகு, அதன் மேல் லாக் நட். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே நகர்ந்து தொலையும். மறுபடி பார்க்க வேண்டும்.

இடைவெளி அதிகமானால் சத்தம் வரும். 'டாப்பெட் அடிக்குது' என்பார்கள். குறைந்துபோனால் ஒரு சத்தமும் வராது. இஞ்சின் முன்னைவிட இனிமையாகவே ஓடும். ஆனால் சூடேறியபின் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கழிப்பதே மூடியிருக்கும் நேரத்தில், தான் உட்காரும் வளையத்தின் வழியாகத்தான். உட்காரவே இடமில்லையென்றால் விளிம்பு வழியே எரிவாயு கசிந்து, வால்வு கருகும்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் பழைய புல்லட்டில் புஷ்ராடு விரலுக்குத் தடையில்லாமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கடகட சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் நானே இறுக்கினேன். சத்தம் போயிற்று. வெகு திருப்தியோடு சேலத்திலிருந்து கிளம்பினேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டியின் தெம்பு போய்விட்டது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லை. தருமபுரியில் ஹெட்டைக் கழற்றிய மேஸ்திரி வால்வைத் தூக்கிக் காட்டினார். விளிம்பில் எலி கடித்தது போல ஒரு துண்டு இல்லை. "சத்தம் கேக்கக் கூடாதுன்னு இறுக்கிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பிர்ஸிக்கிடம் டாப்பெட் இரண்டு இடத்தில் முக்கியமாக வருகிறது. ஒன்று, தொடக்கத்தில் வரும் ஒர்க்‌ஷாப் காட்சி. ரேடியோ அலறுகிறது. பையன்கள் உல்லாசமாக இருக்கிறார்கள். மெக்கானிக் இஞ்சினைச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. 'டாப்பெட்' என்று சொல்லிவிடுகிறான். பிறகு மூடியைத் திறக்கத் தெரியாமல் உளியும் சுத்தியலுமாக உடைக்கிறான். கடைசியில் உண்மையான கோளாறு, எண்ணெய் போகும் பாதையில் முறிந்துகிடந்த இருபத்தைந்து சென்ட் பின். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேடிக்கை பார்ப்பவர்கள் என்கிறார் பிர்ஸிக். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நம் மதிப்புரைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கேட்பதற்கு முன்பே பெயர் சொல்லிவிடுகிற வியாதி அது.

இரண்டாவது மைல்ஸ் சிட்டி. பிரயாணத்தின் நடுவே அவரே உட்கார்ந்து டாப்பெட் பார்க்கிறார். ஃபீலர் கேஜைப் பிடிக்கும்போது தேவாலயத்துக்குள் இருப்பது போல் உணர்வதாக எழுதுகிறார். இங்கே ஒரு பாவனையும் இல்லை. கை அறிந்ததை மட்டும் வாக்கியம் சொல்கிறது. என் கணிப்பில் நூலின் உச்சம் இதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்து வாக்குவாதங்கள் அல்ல. அந்த வாக்குவாதங்களில் ஃபீட்ரஸ் பிடிவாதமாக எல்லாவற்றையும் 'தரம்' என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்து பூட்டுகிறான். அகம், புறம், கலை, விஞ்ஞானம், அறம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. சத்தமே இல்லை. எனக்குத் தொப்பூர் ஏற்றம் ஞாபகத்துக்கு வந்தது.

நூலில் சத்தம் எழுவது ஓரிடத்தில்தான்: பின்ஸீட்டில். 1968 கோடையில் மின்னியாபொலிஸிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரை அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறான் கிறிஸ். வயிற்றுவலி என்கிறான், அழுகிறான், எதற்கு இந்தப் பிரயாணம் என்கிறான். தத்துவத்தில் எங்கும் பொருந்தாத கேள்விகள். ஒரு சிலிண்டரின் தட்டலைக் காது கொடுத்துப் பிரித்தறிகிற மனிதருக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பது கேட்கவில்லை. இதைப் பிர்ஸிக்கின் குறை என்று சொல்லிவிடலாம். ஆனால் எழுதியவரும் அவர்தான். சத்தத்தை அமுக்காமல் விட்டுவைத்திருக்கிறார். நூல் உயிரோடு இருப்பது அதனால்.

முடிவு எனக்கு ஒப்பவில்லை. கலிபோர்னியாக் கடலோரத்தில், நீ நிஜமாகவே பைத்தியமாக இருந்தாயா என்று பையன் கேட்கிறான். இல்லை என்கிறார் அப்பா. ஹெல்மெட்டுகள் கழல்கின்றன. பையன் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று அப்பாவின் தோளுக்கு மேலாக முதன்முறையாகப் பாதையைப் பார்க்கிறான். அந்தப் படிமம் அபாரம். ஆனால் அதன் மேல், ஜெயித்துவிட்டோம், இனி எல்லாம் நன்றாகிவிடும் என்ற தொனியில் அவர் வைக்கும் முடிப்பு, சூட்டோடு சூடாகச் செய்த டாப்பெட். இஞ்சின் குளிரக் காத்திருக்கவில்லை.

1979இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கிறிஸ் கொலை செய்யப்பட்டான். பிர்ஸிக் பின்னுரை எழுதியது 1984 பதிப்பில். கிறிஸ் எங்கே போனான் என்ற கேள்வியை அதில் விடாமல் கேட்கிறார். அந்தப் பக்கங்களில் 'தரம்' உதவிக்கு வரவில்லை. மைல்ஸ் சிட்டிக்குப் பிறகு அந்தக் கை மறுபடி தெரிகிறது. ஆனால் அங்கும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கிறிஸ் ஒரு பெரிய ஒழுங்கமைவின் பகுதி, அது தொடர்கிறது, இப்போது ஒரு பெண்குழந்தை என்று போகப்போக ஸ்பேனரை எடுத்துவிடுகிறார். தகப்பனை நான் குறை சொல்லவில்லை. எழுத்தாளன் கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞர் தம் கவிதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கரடுமுரடாக, வரிக்கு வரி தட்டிக்கொண்டு வந்தன. நான் உட்கார்ந்து இறுக்கினேன். ஒரு சொல்கூட உபரியாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன். படித்துவிட்டு நன்றி சொல்லி வாங்கிப்போனார். அப்புறம் எங்கும் அவர் எழுதிப் பார்க்கவில்லை. அவருடைய பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்துப் படித்தேன். நான் வெட்டிய இடங்களில் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது.