பழனிக்குமாரின் நிழற்படங்கள்

மட்டக்களப்பு வாவியைப் படம்பிடிக்க வருவோர் பெரும்பாலும் கல்லடிப் பாலத்தோடு நின்றுவிடுகின்றனர். நிலவொளியும் தோணியின் கருநிழலும் கிடைத்துவிடின் அவர்க்கு அதுவே போதும். தோணியில் இருப்பவன் பெயர் யாது, அன்றிரவு அவன் வலையில் வீழ்ந்தது யாது என்னும் வினாக்கள் அப்படங்களில் எழுவதில்லை. இலங்கையின் நிழற்படக் கலைக்குப் பெருமை தேடித்தந்த லயனல் வெண்ட் (1900–1944) ஒளியையும் நிழலையும் ஆண்ட திறன் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அவர் படங்களிலும் உழைப்போன் உடல் அழகின் பொருளாகவே பெரிதும் நிற்கின்றது. உழைப்பின் விலை அதிலே புலப்படுவது அரிது.

இந்நோக்கினின்றும் வேறுபட்டவர் தமிழ்நாட்டு ஆவண நிழற்படக் கலைஞர் மு. பழனிக்குமார். மதுரையிலே மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன் அவர். மலக்குழித் தொழிலாளர் வாழ்வைக் காட்டித் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ (2017) என்னும் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. மனிதக் கழிவை மனிதன் அகற்றுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2013 இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் குழிகளுள் மாந்தர் மாண்டனர் என்பதே அப்படத்தின் வழக்கு. 2014 இல் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக ஆவணக்களத்தில் அவர் படங்களும் கட்டுரைகளும் வெளிவந்தன. ஹாசல்பிளாட் விருது பெற்ற தயாநிதா சிங்கின் பெயரால் நிறுவப்பட்ட தயாநிதா சிங் – பாரி ஆவண நிழற்பட விருதினை, 2022 இல் முதன்முதற் பெற்றவரும் இவரே.

விருதைக் கொண்டு கலைஞனை அளத்தல் திறனாய்வாகாது. இராமநாதபுரக் கரையிலே கடற்பாசி எடுக்கும் பாரதிநகர்ப் பெண்களைப் பற்றி 2019 இல் அவர் வெளியிட்ட படங்களை நோக்குக. பாறையிற் கிழியாதிருக்க விரல்களிலே துணிக்கீற்றுச் சுற்றி, கண்ணாடி அணிந்து, அவர்கள் மூச்சடக்கி மூழ்குகின்றனர். கரையில் நின்று கடலின் நீலத்தை வியக்கும் படங்கள் அல்ல அவை. அவற்றுள் மனத்தில் நிற்பது அத்துணிக்கீற்றே. ஒரு தொழிலின் இன்னல் முழுவதையும் விரல் நுனியிற் காட்டிவிடும் நுட்பம் எளிதன்று. வாவியில் இறால் பிடிப்போர் கைகளை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அகப்பாட்டிலே தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. புறப்பாட்டிலே பெயர் உண்டு. அவ்வகையிற் பழனிக்குமாரின் படங்கள் புறத்துறையைச் சார்ந்தன எனலாம். படத்தில் இருப்பவரின் பெயரும் ஊரும் தொழிலும் படத்தின்கீழ் வருகின்றன. ‘ஓர் ஏழைப் பெண்’ என்று எழுதுவதற்கும் அவள் பெயரை எழுதுவதற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

குறையும் உண்டு. மலக்குழியில் மாண்டோர் குடும்பத்தைக் காட்டும் சில படங்களில் துயரம் முகத்தை நிறைத்து, அத்துயரை விளைவித்தோரை மறைத்துவிடுகின்றது. காண்போன் கண்கலங்கி அமைதியுறுகின்றான். ஒப்பந்தக்காரனும் ஊராட்சியும் சட்டகத்துக்கு வெளியே தப்பிவிடுகின்றனர். அவ்விடத்திலே படம் கட்டுரையின் துணையின்றி நிற்கமாட்டாது. அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியிடம் பெறும் இசைவு எத்துணை இசைவாகும் என்பதும் கேட்கற்பாலதே. இது பழனிக்குமார் ஒருவர்க்கே உரிய குறையன்று. ஆவண நிழற்படம் தோன்றிய நாள்முதல் அதனைத் தொடர்ந்துவரும் இடர்.

இவ்விடர்க்கு அவர் சொல்லால் விடை கூறியதினும் செயலாற் கூறியது மிகுதி. தாயின் வாழ்வைப் படமாக்கியபோது, பிறர் துயரைக் காண வந்த அயலானாக அவர் நிற்கவில்லை. அவ்வீட்டின் கடனும் அவர் கடனே. அதனாலேயே அத்தொகுதியில் இரக்கம் அடங்கி, அன்றாட வேலை முன்னிற்கின்றது. அவர் படைப்புக்களுள் தலையாயது அதுவே என்பது மிகையன்று.

பின்னர் உழைப்போர் பிள்ளைகளுக்கும் நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் படம்பிடிக்கக் கற்பித்தார். அப்பெண்கள் எடுத்த படங்களிலே மீன் விலை பேசும் முகங்களும், வலையினின்று நண்டைப் பிரிக்கும் கைகளும் அண்மையில் நின்று காணப்படுகின்றன. கல்லடியிலும் நாவலடியிலும் விடியற்பொழுதில் மீனுக்குக் காத்திருக்கும் பெண்களின் கையிலும் இன்று கைத்தொலைபேசி உண்டு. அவர்கள் எடுக்கும் படங்களைத் தொகுத்துப் பார்த்தவர் இங்கு எவர்?