வரைபடம் சொல்வதும் துளை சொல்வதும்

தென் ஆஸ்திரேலியாவின் பாலை நிலத்தில், ஆடுமாடுகளுக்காகத் தண்ணீர் தேக்கிய ஒரு குட்டைக்கு ஒலிம்பிக் டேம் என்று பெயர். 1975-இல் வெஸ்டர்ன் மைனிங் நிறுவனம் அதனருகே ஒரு துளை போட்டது. மேலே செம்மணலும் புதரும். அடியில் 300 மீட்டருக்கு மேல் தட்டையாகக் கிடக்கும் படிவுப் பாறை. தாது இருப்பதற்கான அறிகுறி தரையில் எதுவும் இல்லை. ஆனால் ஈர்ப்பு வரைபடம், காந்த வரைபடம் இரண்டிலுமே அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடத் தூக்கலாக இருந்தது; இப்படி மாறுபடுவதைப் பிறழ்வு என்பார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்தில் செம்பு கிடைத்தது. மறு ஆண்டு பத்தாவது துளையில் 170 மீட்டர் நீளத்துக்கு 2.1 சதவீதச் செம்பு, கூடவே யுரேனியம். உலகில் அறியப்பட்ட யுரேனியப் படிவுகளில் இன்றும் அதுதான் மிகப்பெரியது.

ஈர்ப்பு, காந்த ஆய்வுகளின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்தக் கதை வரும். வெற்றிதான். ஆனால் தேடியவர்கள் நினைத்திருந்தது வேறு. அடியில் பசால்ட் பாறை மேடாக எழும்பி நிற்கிறது, அதிலிருந்து பிரிந்த செம்பு மேலேயுள்ள படிவுகளில் சேர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். துளையில் வந்ததோ நொறுங்கிய கிரானைட்டும் ஹெமடைட்டும் கலந்த பாறை. ஹெமடைட்டின் அடர்த்தி 5-க்கு மேல், கிரானைட்டுக்குச் சுமார் 2.65. ஈர்ப்பு கூடியது அதனால்தான். ஹெமடைட்டுக்குக் காந்தத்தன்மை மிகக் குறைவு. காந்தப் பிறழ்வுக்குக் காரணமான பாறை பெரும்பாலும் தாதுவுக்கும் கீழே, இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இரண்டு பிறழ்வுக்கும் ஒரே பாறைதான் காரணம் என்ற எண்ணமும் பொய்த்தது. செம்பை எந்தக் கருவியும் பார்க்கவில்லை. இடம் சரியாக அமைந்தது, காரணம் தவறாக இருந்தது. தொடக்கத் துளைகள் பல ஏமாற்றிய பிறகும் விடாமல் துளைத்தவர்களால்தான் அந்தப் படிவு வெளிப்பட்டது.

இந்த அளவீட்டின் நுணுக்கத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஒரு மில்லிகால் என்பது புவியீர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தாது தேடுபவர் அந்த மில்லிகாலிலும் நூறில் சில பங்கைப் பிடிக்க வேண்டும். ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரைத் தட்டின் மேல் நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்று படாமல் மறைத்து, நடுக்கம் அடங்கக் காத்திருந்து அளவு எடுக்கிறார்கள். உள்ளேயுள்ள சுருள்வில் நேரம் போகப்போக மெல்லத் தளரும் என்பதால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். நிலவும் சூரியனும் இழுப்பதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, நின்ற இடத்தின் உயரத்தை ஒரு மீட்டர் பிசகாக எழுதினால் சுமார் 0.2 மில்லிகால் பிழை வந்துவிடும். சிறிய தாதுப் படிவு ஒன்றின் பிறழ்வே அவ்வளவுதான் இருக்கும்.

அளவு பிழையின்றி இருந்தாலும் வேறொரு சிக்கல் நிற்கிறது. ஆழத்தில் திரண்டிருக்கும் கனமான பாறையும், அதைவிட மேலே பரந்து கிடக்கும் கனம் குறைந்த பாறையும் தரையில் ஒரே மாதிரியான ஈர்ப்புக் கோட்டைத் தர முடியும். கருவி மேம்பட்டாலும் இது தீராது. ஈர்ப்பு விதியிலேயே உள்ள சங்கதி. பொருந்தக்கூடிய எண்ணற்ற அமைப்புகளில் ஒன்றைக் கணினி தேர்ந்தெடுத்து, பல வண்ணங்களில் முப்பரிமாணப் படமாகத் தருகிறது. எந்த அனுமானத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தது என்பது அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. இந்த வழக்கம் தீங்கானது என்றே நினைக்கிறேன். ஒரே பிறழ்வுக்குப் பொருந்தும் மூன்று நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், பணம் போடுபவருக்கு எதை நம்பித் துளைக்கிறோம் என்று தெரியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. சுற்றியுள்ள பாறையைவிட அங்கே மொத்தம் எவ்வளவு நிறை கூடுதல் என்பதை, வடிவம் தெரியாமலே கணக்கிடலாம். பிறழ்வு கூர்மையாக இருந்தால், அதற்குக் காரணமான பாறை குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே இருக்கவே முடியாது என்று அறுதியிடலாம். இருக்க முடியாததைச் சொல்வதில்தான் இந்த ஆய்வுகளின் முழு பலமும் இருக்கிறது. மறைந்து கிடப்பதன் பரப்பைக் காட்டுவதிலும் இவற்றுக்கு ஈடில்லை. மெக்சிகோவின் யுகட்டான் கரையில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் புதைந்த சிக்சுலுப் பள்ளத்தின் வட்டம் 1978-இல் விமானக் காந்த ஆய்வில் தென்பட்டது; ஈர்ப்பு வரைபடமும் அதையே காட்டியது. அங்கே எண்ணெய்க்காக முன்பே துளைகள் போட்டும், வந்த பாறையை எரிமலைப் பாறை என்றே எண்ணியிருந்தார்கள். விண்கல் மோதிய பள்ளம் என்று நிலைநாட்ட, அதிர்ச்சிக்கு உள்ளான குவார்ட்ஸ் துளைப் பாறையில் கிடைக்க வேண்டியிருந்தது. அதற்கு 1991 வரை ஆயிற்று.

தமிழ்நாட்டில் காந்த ஆய்வு செய்பவர்களுக்கு மேலும் ஒரு தொல்லை. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதனால் புவிக்காந்தப் புலம் இங்கே தரைக்கு ஏறத்தாழக் கிடையாக, வடக்கு நோக்கி ஓடுகிறது. மேக்னடைட் நிறைந்த பாறையின் நேர்மேலே கருவி பெரும்பாலும் இறக்கத்தையே காட்டும். 100 கிலோமீட்டருக்குச் சற்று உயரே பகலில் பாயும் மின்னோட்டம், காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் பல பத்து நானோடெஸ்லா வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். ஓரிடத்தில் நிலையாக ஒரு மேக்னெட்டோமீட்டரை வைத்து அதைக் கழிக்காவிட்டால், அந்த ஏற்ற இறக்கத்தைப் பாறை என்று வரைந்துவிடுவோம். நடந்து அளப்பவர் சாவிக்கொத்து, பெல்ட், செல்போன் எல்லாவற்றையும் கழற்றி வைத்தாலும் இந்த வித்தியாசம் போகாது.

இதைவிட மோசமானது, மற்றப் பாறையைச் சுவர்போல ஊடுருவி வடக்கு தெற்காக நீளும் டைக் பாறை. புலம் அதன் நீளவாக்கிலேயே ஓடுவதால் இரு முனைகளைத் தவிர மற்ற இடங்களில் ஏறக்குறைய எதுவுமே பதிவாகாது. கிழக்கு மேற்காகக் கிடக்கும் டைக் அதே வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். நிலத்தடி நீரைத் தடுத்து நிறுத்துவது டைக் என்பதால், ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்ப்பவருக்கு இரண்டும் முக்கியம். காந்த வரைபடத்தில் காணோம் என்பதற்காக இல்லை என்று எழுதாமல், கிழக்கு மேற்காக ஒரு மின்தடை ஆய்வுக் கோட்டையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.