"ரொம்ப அபூர்வம்" என்பது பாதிப் பதில்

கழுத்து வலி, இடுப்பு வலிக்கு 'நர்வ் பிளாக்' ஊசி போடும்போது பக்க விளைவு பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "ரொம்ப அபூர்வம் சார்." அது பொய் இல்லை. ஆனா முழுப் பதிலும் இல்லை.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கு. லிக்னோகைன் நரம்பை மரத்துப்போக வைக்கும். சில மணி நேரத்தில் இறங்கிடும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். புற்றுநோய் வலிக்குப் போடும் ஆல்கஹால், பீனால் நரம்பை அழிக்கவே போடப்படுபவை. மூன்றுக்கும் ஒரே பெயர், ஆபத்து ஒன்றல்ல.

ஸ்டீராய்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெத்தில்பிரெட்னிசோலோன், ட்ரையாம்சினோலோன் ஆகியவற்றில் கரையாத துகள்கள் உண்டு. ஊசி முனை தவறி மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போகும் தமனிக்குள் இறங்கினால், துகள்கள் அடைத்து அந்தப் பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். இது லிக்னோகைன் மாதிரி இறங்கிப்போகும் விஷயம் இல்லை. டெக்ஸாமெதசோன் கரைசல் என்பதால் இந்த அபாயம் குறைவு.

2014 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதையே எச்சரித்தது: முதுகுத்தண்டின் எபிடூரல் பகுதியில் ஸ்டீராய்டு போட்டால் அபூர்வமாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கை கால் செயலிழப்பு, மரணம்கூட நேரலாம். கூடவே, இந்தப் பயன்பாட்டுக்குத் தாங்கள் ஒப்புதல் தரவில்லை, பலனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்றும் சொன்னது. 'அபூர்வம்' மட்டும் நம் காதுக்கு வருது, மீதி வருவதில்லை.

பலன் எவ்வளவு? அதே 2014-ல் தண்டுவடக் குழாய் சுருங்கிய 400 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஸ்டீராய்டும் லிக்னோகைனும் சேர்த்துப் போட்டவர்களுக்கும், வெறும் லிக்னோகைன் போட்டவர்களுக்கும் ஆறாவது வாரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

"எந்த மருந்துக்குத்தான் பக்க விளைவு இல்லை?" என்பார்கள். நியாயமான கேள்வி. மார்பினுக்கும் அடங்காத கணையப் புற்றுநோய் வலிக்கு நரம்பை அழிக்கும் ஊசி பெரிய நிம்மதி. அங்கே தராசு வேற. நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் இடுப்பு வலிக்கு அதே தராசைப் பிடிக்க முடியாது. மென்பொருளில் ஒரு பிழை எவ்வளவு அடிக்கடி வரும் என்பதோடு, வந்தால் திரும்பச் சரிசெய்ய முடியுமா என்றும் பார்ப்போம். நரம்புக்கு பேக்கப் கிடையாது.

நான் மருத்துவன் இல்லை. ஊசியே வேண்டாம்னும் சொல்லலை. கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி கேளுங்க: எந்த மருந்து? துகள் உள்ளதா? எக்ஸ்ரே திரையைப் பார்த்துத்தான் போடுவீங்களா? இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் என்ன ஆகும்?