படமும் பாடமும்

தாளிலுள்ள நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேனர் என வழங்கும் கருவியாற் படமெடுத்துக் கணினிக் கோப்புகளாக்கி வைக்கும் தொண்டு இன்று நம் நாட்டிற் பரவலாக நடைபெறுகின்றது. நூலகங்களும் அரசு அலுவலகங்களும் தமிழன்பர் பலரும் இதில் ஈடுபட்டுள்ளனர். இத்தொண்டின் பயனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் இதனையொட்டி வழங்கும் கருத்தொன்று ஆராய்தற்குரியதாய் நிற்கின்றது. ‘படமெடுத்து விட்டோம், நூல் இனி அழியாது, ஆகலின் தாள் வேண்டா’ என்பதே அக்கருத்து. இடநெருக்கடியால் இடர்ப்படும் நூல் நிலையங்களுக்கு இஃது இனிய சொல்லேயாம். இஃது எத்துணையளவு கொள்ளத்தக்கது, எவ்விடத்துத் தள்ளத்தக்கது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வேண்டாவெனக் கழிக்கப்பட்ட தாள் எங்கே செல்கின்றது என்பதை முதற்கண் நோக்குக. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தாளால் வாழ்வன. 1923-ஆம் ஆண்டளவில் அங்குத் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதன் வழியே வளர்ந்தன. நாரணாபுரம் அவ்வட்டாரத்துப் பட்டாசு செய்யும் ஊர்களுள் ஒன்று. வெடியின் உறை தாட்சுருளால் ஆவது. தீபாவளிக்கு மறுநாட்காலையில் தெருவிற் கிடக்கும் சிதறல்களைக் குனிந்து நோக்குவார், அவற்றுட் சிலவற்றிற் செய்தித்தாளின் வரிகளும் புத்தகத்தின் பக்கங்களும் துண்டுதுண்டாய்க் கிடக்கக் காண்பர். எடைக்குப் போடப்பட்ட நூல் பொட்டலமாகலாம், கூழாகி அட்டையாகலாம், வெடியுறையும் ஆகலாம். எவ்வாறாயினும் அது மீளாது. ஆகவே, ‘தாள் வேண்டா’ என்னும் முடிபு ஒருகாற் செய்யப்படின் பின்னர்த் திருத்தற்கியலாத முடிபு என்பது தெளிவு. திருத்தற்கியலாத முடிபைச் செய்யுமுன் அதற்குரிய அளவைகளை நன்கு ஆராய்தல் அறிஞர் கடன்.

படமெடுப்பாரது கட்சி வலிமையுடையதே. 1981-ஆம் ஆண்டு சூன் முதல் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. அவற்றிற்குப் படமிருந்திருப்பின் அவ்விழப்பிற் பெரும்பகுதி நீங்கியிருக்கும். 2005-ஆம் ஆண்டில் ஈழத்து அன்பர்கள் ‘நூலகம்’ என்னும் பெயரால் இணையத்தில் நூற்படங்களைத் தொகுக்கத் தொடங்கியதன் பின்னணியில் அந்நெருப்பின் நினைவு உண்டு. தமிழகத்தில் கோட்டையூரிற் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் மறைந்தபின் சிதறாமல், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையால் 1994-இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கு முதலில் நுண்படச்சுருள்களும் பின்னர்க் கணினிப் படங்களும் எடுக்கப்பட்டன. படம் எடுத்தபின்னும் தாளைப் போற்றுதல் இயலும் என்பதற்கு அந்நூலகமே சான்று. எனவே எம் வினா படமெடுத்தலைப் பற்றியதன்று. படத்தினை யாதென மதிப்பது என்பதைப் பற்றியதே.

‘கோப்பு’ என ஒரு சொல்லால் வழங்குவதனுள் இருவேறு பொருள்கள் மயங்கிக் கிடக்கின்றன. ஒன்று படம்: தாளின் தோற்றத்தைப் புள்ளிகளாற் பிடித்து வைத்தது. மற்றொன்று எழுத்துக்கோவை: எழுத்துணரி என்னும் கணினி நிரல் அப்படத்தை நோக்கி, ‘இவ்வடிவு ககரம், இவ்வடிவு தகரம்’ எனத் துணிந்து தொகுத்துத் தந்தது. தாளோடு கூட்ட இவை மூன்றாம். அளவை நூலார் வழக்கை உவமையளவிற் கொண்டு கூறின், படம் காட்சியின்பாற்படும், எழுத்துக்கோவை கருதலின்பாற்படும், வல்லார் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பெயரிட்டு வெளியிட்ட பாடமே உரையளவையின் நிலையைப் பெறும். காட்சிக்கு ஐயமும் திரிபும் குற்றங்களாதலும், கருதலுக்கு ஏதுப்போலி குற்றமாதலும் யாவரும் அறிந்தனவே. அக்குற்றங்கள் இங்கு எவ்வாறு நிகழ்கின்றன என்பதைக் காண்பாம்.

முதலாவது படத்தின்கண் நேரும் திரிபு. கோப்பின் அளவு சிறுகவேண்டுமெனச் சாம்பல் நிறங்களை நீக்கிக் கருமையும் வெண்மையுமாகப் படமெடுப்பார் உளர். அவ்வழி மங்கிய புள்ளி வெண்மையில் மறையும். செல்லரித்த துளையும் மறுபக்கத்து மையின் ஊறலும் கருமையிற் புள்ளியாய் எழும். தமிழில் ஒரு புள்ளி மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துவது. அது போயினும் வந்தாலும் சொல் மாறும். சில இடங்களிற் பொருளும் மாறும்.

இதனினும் வியப்பானது 2013-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிப்பட்டது. டேவிட் கிரீசல் என்னும் கணினி அறிஞர், நம் நாட்டிற் படியெடுத்தலுக்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தாரின் கருவியொன்றில் எடுத்த கட்டட வரைபடப் படியை நோக்கினார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 என இருந்தது. படியிலோ மூன்று அறைக்கும் 14.13 என்றே இருந்தது. எழுத்துணரி எதுவும் இதில் ஈடுபடவில்லை. கோப்பினைச் சுருக்கும் முறை, ஒன்றையொன்று ஒத்த சிறு பகுதிகளை ஒன்றேயெனக் கொண்டு, ஒருமுறை சேமித்த வடிவத்தையே பலவிடத்தும் பதித்துவிட்டது. வேறு தாள்களில் 6 என்னும் இலக்கம் 8 ஆகியும் நின்றது. எண்களோ மங்கலின்றித் தெளிவாகவே நின்றன. அந்நிறுவனத்தார் பின்னர்த் திருத்தநிரல் வெளியிட்டனர். ஆயினும் அதற்குமுன் அவ்வாறு எடுக்கப்பட்ட படிகளுள் எவை திரிந்தன என்பதை மூலத்தாள் இருந்தாலன்றி அறிதல் இயலாது. ‘படம் பொய்யுரையாது’ என்பார் இதனை உளங்கொள்க.

இரண்டாவது எழுத்துக்கோவையின்கண் நேரும் குற்றம். இதற்கு நாரணாபுரம் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இப்பெயரில் காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழஞ்சுவடிகளில் இவ்விரண்டும் ஒரே வடிவின. அச்சில் ரகரத்திற்குக் கீழே ஒரு சாய்கோடு உண்டு; தேய்ந்த அச்சில் அக்கோடு பதியாதொழியும். அடுத்து வரும் ‘ணா’ என்னும் எழுத்தோ, 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன், காலின்றிக் கீழே சுழித்த தனிவடிவாக அச்சிடப்பட்டது. புதிய அச்சிற் பயின்ற நிரலுக்கு அவ்வடிவு புதிது. ஆகவே ஆறெழுத்துடைய ஓர் ஊர்ப்பெயருள் மூன்றிடத்துத் தடுமாற்றத்திற்கு வாயிலுண்டு. அப்பெயரைப் பழைய ஆவணமொன்றிற் கணினி வழியே தேடுவார் ‘இல்லை’ என்னும் விடை பெறினும் பெறுவர்; ஆவணத்தில் அப்பெயர் இருக்கும்.

சாத்திரச் சுவடிகளில் இத்தடுமாற்றம் பெருகும். ஏட்டில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ‘போதம்’ என்னும் சொல் ஏட்டில் நிற்கும் வடிவை எழுத்தெழுத்தாகப் படிப்பின் ‘பெரதம’ என்றாம். நூலின் பொருளும் யாப்பும் அறிந்தார்க்கு இதில் மயக்கமில்லை. வடிவொன்றையே ஏதுவாகக் கொள்ளும் கருவிக்கோ அவ்வறிவு இன்று. பழைய அச்சு நூல்களிலும் 7-ஆம் பாட்டின் எண் ‘எ’ எனவும், 8-ஆம் பாட்டின் எண் ‘அ’ எனவும் நிற்றலின், பாட்டெண் பாட்டின் முதலெழுத்தாய் ஒட்டிக்கொள்ளும். இக்காலத்து மொழிமாதிரிகளைக் கொண்டு இவ்வழுக்களைக் களைவாரும் உளர். அவை பயின்ற வழக்கை நோக்கியே திருத்துவன. ஆகலின் வழுவைக் களையும்போதே அருகி வழங்கும் ஆட்சியையும் வழுவெனக் கொண்டு பெருவழக்குச் சொல்லாக்கிவிடும் இடர் உண்டு. பாட ஆராய்ச்சியாளர் பொன்னேபோற் போற்றுவது அவ்வருஞ்சொல்லையன்றோ?

‘ஏடெழுதுவோரும் பிழை செய்தாரன்றோ? அச்சுக்கோப்பாரும் பிழை செய்தாரன்றோ? கருவியை மட்டும் குறைகூறுவது என்னை?’ எனின், கூறுதும். ஏட்டின் பழுது தன்னைத் தானே காட்டும். ஓரம் ஒடிந்த ஏடு ஒடிந்தே கிடக்கும். செல்லரித்த இடம் துளையாய் நிற்கும். நன்கெழுதுவோர் விளங்காத இடத்தை வெற்றிடமாக விட்டுச் சென்றனர். படிப்பவன் அவ்விடத்து நின்று ஐயுறுகின்றான். ஐயம் ஆராய்ச்சிக்கு வாயிலாகின்றது. கருவியின் வெளியீட்டில் வெற்றிடமுமில்லை, தயக்கமுமில்லை. சரியான எழுத்தும் தவறான எழுத்தும் ஒரே தெளிவோடு நிற்கின்றன. குற்றியோ மகனோ என்னும் ஐயம் நிகழவேண்டிய இடத்தில் ‘மகனே’ என்னும் துணிவு கைக்கொடுக்கப்படுகின்றது. இத்துணைக்கும் எழுத்துணரி நிரல்கள் தாம் கண்ட ஒவ்வொரு சொல்லுக்கும் எத்துணை உறுதி உண்டு என்பதை உள்ளே கணித்தே வைக்கின்றன. வெளியிடும்போது அக்கணக்கு நீக்கப்படுகின்றது. ஆகவே குற்றம் கருவியினும் அதனைக் கையாள்வார்பால் மிகுதியாம்.

மூன்றாவது, படம் எதன் படம் என்பதை மறத்தல். புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955-இல் தோன்றிற்று. அங்குள்ளனவும் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியில் உள்ளனவுமாகிய சைவச் சுவடித் தொகுதி, 11,000 அளவின, 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சைவசித்தாந்த ஆகமங்களுக்கு அதனிற் பெரிய தொகுதி பிறிதில்லை. அங்கு ஓலைகளையன்றி, ஓலைகளைப் பார்த்துப் பண்டிதர்கள் தேவநாகரியில் தாளில் எழுதிய படிகளும் உள்ளன. இணையத்தில் அத்தாட்படியின் படத்தைக் காண்பார் ஓலையைக் கண்டாராகார். கிரந்தத்தினின்று நாகரிக்கு மாற்றியபோது நேர்ந்தது யாதென அப்படத்தால் அறிதலும் இயலாது. படம் தன் மூலமாகிய தாட்படிக்கே சான்று. அதற்கப்பாற்பட்ட ஓலைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டைக் கூறாமல் ‘ஆகமத்தின் சுவடி’ என ஒரு தலைப்பிட்டு மேற்கோள் காட்டுவார் உளராயின், அவர் இரண்டு தலைமுறைப் படியெழுத்தை மறைப்பவராவர்.

‘ஆயிரக்கணக்கான நூல்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார் யார்? அதற்குப் பொருள் எங்கே? குறையுடையதாயினும் விரைவிற் கிடைப்பதன்றோ நன்று?’ என மேலும் வினவுவர். விரைவு வேண்டா என்பது எம் கருத்தன்று. படத்தைப் படமென்றும், ஒப்பிடாத கோவையை ஒப்பிடாததென்றும் கூறி வெளியிடுவதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. இதற்கு நம்மிடையே நல்ல முன்மாதிரியும் உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முதலிய அன்பர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தாம் வெளியிடும் நூல்களின் தலைப்பில், மூலப்படம் தந்தவர், தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் இன்னார் என நன்றியோடு குறித்து வந்துள்ளனர். பிழை காண்பவன் எவரை வினவுவது, எப்படியோடு ஒப்பிடுவது என்பதை அறிகின்றான். சென்ற நூற்றாண்டுகளில் ஆறுமுக நாவலர் முதலியோர் பதிப்புகளின் முகப்பில் ‘பரிசோதித்து’ என்னும் சொல் பதிப்பாசிரியர் பெயரோடு நின்றதன் கருத்தும் இதுவே. அச்சொல் புகழுக்காக இடப்பட்டதன்று; பழியேற்க ஒருவர் உளர் என்பதற்கு இடப்பட்டது. இன்று இணையத்திலுள்ள பெரும்பாலான எழுத்துக்கோவைகளில் அவ்வொருவரைக் காண்கிலேம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்பட்டன இவை. படத்தை மூலத்தின் நிறத்தோடு, வடிவங்களை ஒன்றற்கொன்று மாற்றிவைக்கும் சுருக்க முறைகளைத் தவிர்த்து எடுத்தல் வேண்டும். முகப்பும் பின்னட்டையும் ஓரக்குறிப்பும் வெற்றுப்பக்கமும் விடாது எடுத்தல் வேண்டும். எப்படியின் படம், எங்குள்ளது, எந்நாள் எடுத்தது என்பன கோப்பினுள்ளேயே நிற்றல் வேண்டும். எழுத்துக்கோவையில் உறுதி குறைந்த சொற்கள் குறியிட்டுக் காட்டப்படவேண்டும். ஒருவர் ஒப்பிட்டு முடித்த நாள்வரை அதனைப் பாடமென வழங்குதல் கூடாது. இவையெல்லாம் செய்தபின்னும், வேறெங்கும் படியில்லாத தாளைக் கழித்தல் ஆகாது.

இவ்விறுதி விதி பெருநூலகங்களுக்கே உரியதென எண்ணற்க. சிவகாசி வட்டாரத்து அச்சகங்களிலிருந்து தலபுராணச் சுருக்கம், திருவிழாப் பாட்டு, நன்கொடைக் கணக்கு எனச் சிறு வெளியீடுகள் எத்தனையோ வெளிவந்திருக்கும். நூலக அட்டவணையில் ஏறாத அத்தகையவற்றின் ஒரே படி ஒரு வீட்டுப் பரணிலும் இருக்கலாம். கைப்பேசியால் அவற்றைப் படமெடுத்துவிட்டுக் கட்டாகக் கட்டிப் பழந்தாள் வணிகர்க்கு அளிப்பது இந்நாளில் எளிது. அங்ஙனம் செய்யுமுன், படத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தாளோடு வைத்து ஒருமுறை நோக்குக. மங்கிய வரி, விடுபட்ட பக்கம், மடிந்த ஓரம் இவற்றுள் ஒன்றேனும் தென்படாதிராது. கண்டபின், தாளை அண்மையிலுள்ள நூலகத்திற்கேனும் கல்லூரிக்கேனும் கொண்டு சேர்த்தல் அன்பர் கடனாம்.