கமலாவின் பதில் இல்லாத புத்தகம்

சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்து, ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் 1990களில் நூலாக்கினார். அன்றிலிருந்து இந்த நூலுக்கு இரண்டு விதமான வாசிப்பு இருந்துவருகிறது. ஒன்று, தமிழின் மிகக் கூர்மையான நக்கல்காரருக்குள் இவ்வளவு ஈரமா என்று நெகிழ்வது. மற்றது, குடும்பத்தைக் காப்பாற்றத் தெரியாதவர் கொஞ்சல் வார்த்தைகளால் ஈடுகட்டினார் என்று முகம் சுளிப்பது. இரண்டுமே எனக்குப் போதவில்லை. இரண்டும் கடிதம் எழுதியவரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

முதலில் காலத்தைப் பார்க்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம் வீடுகளில் பெரியவர்கள் பார்த்து முடித்துவைத்த திருமணம்தான் வழக்கம். காதலிக்க வாய்ப்பு என்று ஒன்று இருந்தால் அது தாலி கட்டிய பிறகு வந்தது. கணவன் வெளியூரில் பிழைத்தால் தபாலில் வந்தது. பாரதி காசியிலிருந்து மனைவி செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தில், கவலைப்படும் நேரத்தில் தமிழ் படி என்று சொல்கிறார். அந்தத் தபாலும் கணவன் மனைவிக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. கணித மேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய பிறகு, அவருக்கும் மனைவி ஜானகிக்கும் இடையிலான கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் போய்ச் சேரவிடவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒரு கடிதம் எழுதியவர் கையிலிருந்து உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதே அந்தத் தம்பதிகளுக்குப் பெரும்பேறு.

அந்தப் பேறு விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தனுக்கும் கமலாவுக்கும் கிடைத்தது. சொத்துத் தகராறில் தந்தையோடு மனம் கசந்து சென்னைக்கு வந்தவர் புதுமைப்பித்தன். ‘தினமணி’ நாளிதழில் வேலை, 1943இல் அதன் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கத்தோடு அதை விட்டு விலகி ‘தினசரி’, பிறகு சினிமா. கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். 1938 தொடங்கி 1948இல் புதுமைப்பித்தன் இறக்கும்வரை நீளும் இந்தக் கடிதங்களில் காதல் எப்போதும் பணத்தோடு ஒட்டியே வருகிறது. சம்பளம் தாமதமாகிறது, கடன் துரத்துகிறது, அனுப்பவேண்டிய தொகை அனுப்ப முடியவில்லை, அழைத்துக்கொள்ளும் நாள் தள்ளிப்போகிறது. குழந்தையைப் பறிகொடுத்தவளை அருகில் இருந்து தேற்ற முடியாமல் காகிதத்தில் தேற்றவேண்டியிருக்கிறது. கதையில் ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர் இங்கே சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். இலக்கிய நயம் தேடுபவர் இதைக் குறை என்பார். நான் அப்படிக் கருதவில்லை. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாதபோதும் எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதற்கு அந்தக் கூறியது கூறலே சாட்சி.

ஆனால் இவை புதுமைப்பித்தனின் சிறந்த எழுத்து என்று யாராவது சொன்னால் ‘செல்லம்மாள்’ கதையை எடுத்து முன்னால் வைப்பேன். தெற்கிலிருந்து வந்து சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாகக் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள் இறந்த இரவில் தனியாக இருக்கிறார். வெந்நீர் வைத்து, அந்த உடம்பைத் தானே குளிப்பாட்டி, புடவை உடுத்திக் கிடத்துகிறார். அழுகை இல்லை, வசனம் இல்லை. வறுமையில் நடந்த ஒரு தாம்பத்தியம் முழுவதும் அந்தக் கைகளின் வேலையில் தெரிகிறது. கடிதத்தில் கணவர் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கதையில் வரும் கணவர் செய்கிறார். தன்னால் வாழ்க்கையில் முடியாததைப் புதுமைப்பித்தன் கதையில் செய்து பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மனைவி என்பவளுக்குத் தனி உயிரும் தனிச் சலிப்பும் உண்டு என்பதைக் கடிதங்களைவிடக் கதைதான் நன்றாக அறிந்திருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது காஃப்கா ஃபெலிஸ் பாவருக்கு எழுதிய கடிதங்கள். 1912 ஆகஸ்டில் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் வீட்டில் சந்தித்தார்கள். 1917வரை கடிதம் ஓடியது. இருமுறை நிச்சயமாகி இருமுறை முறிந்தது. 1967இல் அந்தக் கடிதங்கள் நூலாக வந்தன. ஃபெலிஸின் பதில்கள் எஞ்சவில்லை. பெர்லினில் பேச்சைப் பதிவுசெய்யும் கருவிகள் விற்ற நிறுவனத்தில் பொறுப்பான வேலை பார்த்த பெண், உலக இலக்கியத்தில் ஒரு முகவரியாக மட்டும் நிற்கிறாள். ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காஃப்காவுக்குக் கடிதம் கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் வழி. புதுமைப்பித்தனுக்கு அது கல்யாணத்தை அறுந்துபோகாமல் பிடித்துவைக்கும் வழி. எந்தக் கடிதம் மேலான கலை என்று கேட்டால் காஃப்காவுடையது. எதில் இன்னொரு மனிதர் மேல் அக்கறை அதிகம் என்று கேட்டால் தயங்காமல் நம்மவருடையது என்பேன்.

இப்படிக் கடிதத்தால் பிடித்துவைத்த கல்யாணங்கள் நம்மிடமும் உண்டு. ஜெர்மனியில் டோர்ட்மண்டிலும் அருகிலுள்ள ஹம் நகரிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் மூத்த தலைமுறைக்கு இந்த நூலை விளக்கத் தேவையில்லை. எண்பதுகளில் அகதியாக வந்த ஆண்கள் பலர் தனியாக வந்தார்கள். விசா முடிவு வரும்வரை, ஊரில் சண்டை ஓயும்வரை, மனைவியோ நிச்சயித்த பெண்ணோ யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். அடுத்த மாதம் கூப்பிடுகிறேன் என்ற வரி எத்தனை கடிதங்களில் ஏறியிருக்கும்! அதை எழுதியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அதைப் படித்துவிட்டுக் காத்திருந்தவளின் நாட்களை எழுதியவனின் வேதனைக்குக் கீழே வைக்கவும் கூடாது.

அங்கேதான் ‘கண்மணி கமலாவுக்கு’ தடுமாறுகிறது. கமலா எழுதியவை அதில் இல்லை. கடிதங்களைப் பத்தாண்டுகள் பெற்று, கணவர் இறந்த பின்னும் பல பத்தாண்டுகள் காத்துவைத்தவர் அவர். அவர் காக்காவிட்டால் நூலே கிடையாது. அதோடு அவர் வெறும் பெறுநரும் அல்லர். கணவர் இருந்த காலத்திலேயே பத்திரிகைகளில் கதை எழுதியவர். ‘காசுமாலை’ என்ற தொகுப்பு அவருடையது. புதுமைப்பித்தனைப் பற்றிப் பேசும் மேடைகளில் அந்த நூலின் பெயர் எத்தனை முறை கேட்கிறது? ரகுநாதன் 1951இல் எழுதிய புதுமைப்பித்தன் வரலாறு முதல் இன்றுவரை நம் கவனம் மேதையின் வறுமைமேல் குவிந்தது. அந்த வறுமையை இன்னொரு ஊரில் இருந்துகொண்டு, கைக்குழந்தையோடு தாங்கியவர்மேல் குவியவில்லை. புதுமைப்பித்தன் புனேயில் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் போன இடத்தில் காசநோய் முற்றித் திருவனந்தபுரம் திரும்பியபோது, கடைசியில் அவரைத் தாங்கிக்கொண்டவரும் கமலாதான்.

என் தீர்ப்பு இது. இந்தக் கடிதங்கள் அன்பை நிரூபிக்கின்றன. அந்த அன்பில் கலப்படம் இல்லை. ஒரு தாம்பத்தியத்தை நிரூபிக்க இவை போதா. காதல் காவியம் என்ற பட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு சம்பளக்காரர் குடும்பத்தின் பிரிவைப் பதிவுசெய்த முதன்மையான தமிழ் ஆவணம் என்ற இடத்தை இதற்குக் கொடுக்கவேண்டும். அது சிறிய இடமல்ல. அடுத்த பதிப்பைக் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்போது புதுமைப்பித்தன் எங்கே வேலையில் இருந்தார் என்ற குறிப்பைச் சேர்க்கட்டும். அதே அட்டைக்குள் ‘காசுமாலை’யின் கதைகளையும் வைக்கட்டும்.