மாளிகையும் அதன் படமும்: சுவர் அலங்காரம் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுப் புகழ்பெற்ற இல்லங்களின் உருவங்களைக் கித்தான் துணியில் அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்தி, வரவேற்பறைச் சுவர்களை அலங்கரிக்கும் வழக்கம் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரிடையே காணப்படுவதொன்றாகும். இதனை வெறும் அலங்காரமெனத் தள்ளிவிடுவோர் உளர். ஆயின் ஒரு வீடு வேறொரு வீட்டின் உருவத்தைத் தன் சுவரில் ஏற்கும்போது, அதன் வரலாற்றில் எதனை உள்ளே அழைத்தது, எதனை வாசலிலேயே நிறுத்தியது என்ற வினா எழாமற் போகாது. வேர்ஜீனியாவில் பொட்டோமக் ஆற்றங்கரையிலுள்ள ஜோர்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் மாளிகை இதனை ஆராய்வதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய படங்களைப் போலியெனக் கண்டிப்பது எளிது. துணியின் இழை தைலவண்ண ஓவியத்தின் தோற்றத்தைத் தருகின்றது. அதன்மேற் படிந்திருப்பதோ இயந்திரம் தெளித்த மை. இக்குற்றச்சாட்டு உண்மையெனினும் ஆழமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்ணக் கல்லச்சுப் படங்களும் தைல ஓவியத்தின் சாயலைப் பெறும் பொருட்டு மெருகிடப்பட்டன. 1894இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் படங்களும் அம்மரபினவே. அவை அச்சுப் பிரதிகள் என்பதற்காக எவரும் அவற்றிலுள்ள இலக்குமியை வணங்காது விட்டாரல்லர். மேலும், மவுண்ட் வேர்ணன் மாளிகையே இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. கல்லாலானவை போலத் தோன்றும் அதன் சுவர்கள் உண்மையில் மரப்பலகைகளே. பலகைகளின் ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி, காயாத வண்ணத்தின் மீது மணலைத் தூவிக் கல்லின் தோற்றத்தை வரவழைத்தனர். கல்லாக நடிக்கும் மரத்தை ஓவியமாக நடிக்கும் அச்சு சித்திரிப்பதில் ஒருவகைப் பொருத்தமும் உண்டு எனலாம்.

குறை வேறிடத்திலேயே உள்ளது. இவ்வகைப் படங்கள் பெரிதும் விரும்பும் கோணம் ஆற்றை நோக்கிய கிழக்கு முகப்பாகும்: எட்டுத் தூண்கள் தாங்கும் நெடுந்திண்ணை, கூரைமேற் சிறு குவிமாடம், முன்னே மனித நடமாட்டமற்ற பசும்புற்றரை. அப்புற்றரையைப் பேணியவர் எவர், அடுப்பெரித்தவர் எவர் என்பதற்கு அங்கு அடையாளமே இல்லை. வாஷிங்டன் இறந்த 1799ஆம் ஆண்டில் அப்பண்ணைகளில் வாழ்ந்த அடிமைகளின் தொகை 317. அத்தனை பேரின் உழைப்பில் நிலைபெற்ற அழகு, தானே முளைத்ததுபோற் சுவரிலே தொங்குகின்றது.

அலங்காரப் படத்திடம் வரலாற்று நூலின் கடமையை எதிர்பார்க்கலாமா என்று கேட்போர், எட்வேர்ட் சவேஜ் வரைந்ததாகக் கருதப்படும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஓவியத்தை நோக்குதல் வேண்டும். அதுவும் இதே கிழக்கு முகப்பைக் காட்டுவது. மாளிகைக்குப் பெருமை சேர்க்க எழுந்ததுதான். ஆயினும் அதன் வலப்புறத்தே, அடிமைக் குடும்பங்கள் வாழ்ந்த இருமாடிக் கட்டடம் இடம்பெற்றுள்ளது. 1790களின் முற்பகுதியில் அக்கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் தோற்றத்தைக் காட்டும் வேறு படம் அறியப்படவில்லை. இதனைக் கொண்டு ஓவியரை அடிமை முறையின் எதிர்ப்பாளராக்க வேண்டியதில்லை. அடிமைகளை உடைமையாகக் கொள்வது அன்றைய செல்வர்க்கு நாணத்தக்க செய்தியாயிருக்கவில்லை. ஆகவே அதனை மறைக்கும் தேவையும் ஓவியர்க்கு எழவில்லை. நாணம் பின்னர் வந்தது. வந்தபோது அது ஒப்புக்கொள்ளுதலாக வராமல் ஓரத்தை வெட்டுதலாக வந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஈஸ்ற்மன் ஜோன்சன் 1857இல் இம்மாளிகையைத் தீட்டியபோது வேறு பக்கத்திற்சென்று நின்றார். அவரது ஓவியத்தில் பணியாளர் கட்டடம் முன்னிற்க, புகழ்பெற்ற தூண்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. கறுப்பின மக்களும் அங்கே காணப்படுகின்றனர். அக்காலத்தில் மாளிகை சிதைவுற்றிருந்தது. மறுவருடமே அதனை 200,000 டொலருக்கு வாங்க மவுண்ட் வேர்ணன் பெண்கள் சங்கம் உடன்படிக்கை செய்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டமை பெருஞ்சேவையே, ஐயமில்லை. எனினும் சுவரலங்காரத்திற்கு உவந்த உருவமாக நிலைத்தது ஜோன்சன் கண்ட வீடன்று.

கித்தான் அச்சின் தொழில்முறையும் இவ்விடத்து நோக்கற்பாலது. துணியைச் சட்டத்தின் மீது இழுக்கும்போது படத்தின் ஓரங்கள் விளிம்பிலே மடிந்து பக்கவாட்டிற்குச் சென்றுவிடுகின்றன. எதிரே நிற்பவர் கண்ணுக்கு அவை புலப்படுவதில்லை. வாங்குவோரின் சுவருக்கேற்பப் படத்தை நறுக்கும்போதும் முதலில் இழக்கப்படுவது ஓரந்தான். சவேஜின் ஓவியத்தையே எடுத்து அச்சிட்டாலும், வலப்புறத்துக் கட்டடம் மாளிகைக்கு இடம்விட்டு மடிப்பினுள் மறையக்கூடும்.

ஜோன்சனின் ஓவியம் கித்தானில் அச்சிடுவதற்கு எவ்வகையிலும் தகுதி குறைந்ததன்று. ஆயின் அதனைத் தொங்கவிடும் இல்லத்தார், அதிலே காணப்படுவோர் யாரென்று வரும் விருந்தினர்க்கெல்லாம் விளக்க வேண்டியிருக்கும்.